பெட்டியில் வராத மௌஸ்

பதினோரு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. கலிவரதன் அனுப்பியது பதினொன்று இருபதுக்கு, வந்தது பதினொன்று முப்பத்தொன்றுக்கு. சென்னைத் தலைமை அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் ஷாலினி என்கிற பெண் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள், அப்ரூவ்டு. அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும். கீழே பெயர்கூட முழுசாக இல்லை, எஸ் என்று ஓரெழுத்து. ஒரு கையில் காப்பியை வைத்துக்கொண்டு மறு கையால் தட்டிவிட்டது போல இருந்தது. அவர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். அனுப்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் கழித்துப் பார்த்தார், கணக்கு தப்பாக இருக்குமோ என்று இன்னொரு தடவை கழித்தார். பதினொன்றுதான். லாஸ்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனியில், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவர் பதினெட்டு வருஷமாக இருக்கிறார், ஐம்பத்தொரு வயது. தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தால் சந்தோஷப்படுவதுதான் வழக்கம், நாள் கணக்கில் இழுக்கிறவர்கள். ஆனால் இப்போது சந்தோஷம் வரவில்லை. பதினோரு நிமிஷம். ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம். கீழே பெட்டிக்கடையில் கூட்டமாக இருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூடவே ஆகும்.

கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. படம் வரையும் பிரிவில் திங்கட்கிழமை சேர்ந்த யூஜின், முப்பத்தைந்து வயசு ஆள், காலையில் வந்து நின்றான். "சார், எனக்கு மணிக்கட்டுல பிரச்சினை. சாதா மௌஸ் பிடிச்சா விரல் மரத்துப்போவுது. என்னோடதையே கொண்டாந்திருக்கேன், போட்டுக்கலாமா?" கை குலுக்க நீட்டின உள்ளங்கை மாதிரி செங்குத்தாக நிற்கும் மௌஸ் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். வேறு ஏதோ கம்பெனிச் சரக்கு. இங்கே கொடுக்கிற புது லேப்டாப்பில் அதே பெட்டியில் வந்த மௌஸைத் தவிர வேறெதைச் செருகினாலும் வேலை செய்யாது, அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்பதற்கு வழி இருக்கிறதா என்று கம்பெனியின் உள்தளத்தில் தேடினார், இருந்தது. வெளிச் சாதனங்களுக்கான அனுமதிப் படிவம், ஒரே பக்கம். மௌஸின் பெயர், அதன் அடிப்பாகத்தில் அச்சிட்டிருக்கும் எண், காரணம். காரணம் என்ற இடத்தில் மணிக்கட்டு வலி என்று போட்டார், முடிந்தது. பதில் வந்த பிறகுதான், எதற்கென்று தெரியாமல், படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தார். நடைமுறைக்கு வந்த தேதி. எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. படம் வரையும் பிரிவில் இருந்த அஞ்சலாட்சி வேலையை விட்டுப் போய் ஆறு வருஷம்தான் ஆகிறது.

யூஜினுக்கான லேப்டாப் மேஜைமேல் திறந்து கிடந்தது, மென்பொருள்கள் ஏறிக்கொண்டிருந்தன. முப்பத்து நாலு சதவீதம். நடுநடுவே ஏதாவது கேட்கும், சரி என்று அழுத்தவேண்டும், அதனால் எழுந்து போகவும் முடியாது. சர்வர்கள் இருக்கும் அந்தச் சின்ன அறையில் குளிர் எப்போதும் ஒரே அளவில் இருக்கும், ஜன்னல் கிடையாது, வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. சனிக்கிழமை, அரை நாள். முப்பத்து நாலு. புது லேப்டாப்பின் வாசனை, அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த வாசனை, அன்றைக்கும் இந்த அறை முழுக்க இருந்தது. பழைய மேஜைக் கம்ப்யூட்டர்களையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாருக்கும் லேப்டாப் என்று முடிவாகி நாற்பது பெட்டிகள் வந்து இறங்கின நாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். சிலபேர் பெட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலப்பை கொடுக்கிறவர் மாதிரி அன்றைக்கு அவரும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தார். அஞ்சலாட்சி கடைசியில் வந்தாள். ஒரு கையில் லேப்டாப் பெட்டி, இடுப்போடு அணைத்தபடி. இன்னொரு கையில் அவளுடைய பழைய மௌஸ், வயரைச் சுற்றிக் கட்டியிருந்தாள். "சார், இதுக்கு இதுல எடமே இல்லையே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஓட்டை ஓட்டையாக இருந்த இடத்தில் இப்போது லேப்டாப்பின் விலாவில் சன்னமாக இரண்டே இரண்டு கீறல்கள், நெல் அளவுக்கு. இதற்கொரு மாற்றி வாங்கவேண்டும், ஒரு பக்கம் அகல வாய், இன்னொரு பக்கம் சன்ன வாய், கடையில் கிடைக்கும் என்றார். சாயந்திரமே போய் வாங்கி வந்துவிட்டாள்.

அந்த மௌஸை மௌஸ் என்று சொல்வதா. தட்டையான கறுப்பு மேடை, அதன் நடுவே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சிவப்பு உருண்டை. மேடை நகராது, உருண்டையை உருட்டினால் திரையில் அம்பு ஓடும். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய செருப்பு, பழைய ஸ்பேனர், யாரோ காலிசெய்த வீட்டுக் கடிகாரம் எல்லாம் குவித்திருந்த ஒரு சாக்கின்மேல் கிடந்ததாம். என்னவென்றே தெரியாமல் எடுத்து உருட்டிப் பார்த்தாளாம், கை அப்படியே அதன்மேல் உட்கார்ந்துகொண்டதாம். எனக்குன்னே யாரோ அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு சார். அவளுடைய அப்பா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்புச் சாறு விற்றவர். ஒன்பது வயசில் அவள் எந்திரத்துக்குள் கரும்பைத் தள்ளப் போய் வலது கை உள்ளே போய்விட்டது. கை மிஞ்சியது, மூன்று விரல் நடுவில் மடங்கி அப்படியே இறுகிவிட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் சொன்னபடி கேட்கும். சாதா மௌஸை அந்தக் கையால் பிடிக்க முடியாது, பிடித்தாலும் அழுத்த விரல் எழும்பாது. அந்த உருண்டையை உள்ளங்கை மேட்டாலும் கட்டைவிரலாலும் உருட்டுவாள், சுண்டுவிரலால் தட்டுவாள், இடது கை கீ-போர்டில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எங்கிருந்தோ ஒரு பேராசிரியர் கோணல்மாணலாக அனுப்பிய வரைபடத்தை அவள் திரும்ப வரைவதைப் பார்க்கவேண்டும். வளைகோடு ஒரே இழுப்பில் வரும், திருத்தமே இருக்காது. ஒரு நாளைக்கு நாற்பது படம் என்பது எல்லாருக்கும் கணக்கு, அவள் சில நாள் ஐம்பதைத் தாண்டிவிட்டுப் பக்கத்து மேஜைக்காரிக்கு உதவப் போவாள். எட்டு வருஷம். எட்டு வருஷத்தில் ஒருத்தரும் அவள் கையைப் பற்றிப் பேசியதாக அவருக்கு ஞாபகம் இல்லை, பேசவேண்டிய அவசியம் வரவில்லை. அந்த அவசியத்தைக் கொண்டுவந்தது யார்? லேப்டாப்பா, சென்னையா. சென்னைதானே பூட்டச் சொன்னது. அவர் பூட்டினார், அவ்வளவுதான். சாவி எங்கே இருக்கிறது என்று தேடாதது மட்டும்தான் அவர் தப்பு. மட்டும்தானா. நாற்பத்தொன்று சதவீதம். சரி என்று அழுத்தினார்.

மாற்றியை வாங்கிவந்து மறுநாள் காலை அவர் எதிரிலேயே செருகினாள். லேப்டாப் ஒரு சத்தம் கொடுத்தது, ஏற்றுக்கொண்டபோது வருகிற சத்தம்தான். அவள் முகம் மலர்ந்தது. ஒரு நொடி இருக்குமா. திரையின் மூலையில் கட்டம் ஒன்று எழும்பி வந்தது, இந்தச் சாதனத்துக்கு அனுமதி இல்லை, நிர்வாகியை அணுகவும். உருண்டையை உருட்டினாள், அம்பு அசையவில்லை. கழற்றிச் செருகினாள். மறுபடி அந்தச் சத்தம், மறுபடி கட்டம். "நிர்வாகின்னா நீங்கதானே சார்" என்றாள். அவர் சிரித்தார், நான் இல்லம்மா, சென்னை என்றார். "அப்ப ஒரு மெயில் போடுங்க சார். கைய காமிச்சு ஒரு போட்டோகூட எடுத்து அனுப்புங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." போடறேன் என்றார். போடத்தான் உட்கார்ந்தார், அது பொய்யில்லை. சாயந்திரம் நாலு நாற்பதுக்கு எழுத ஆரம்பித்தார். எங்கள் கிளையில் பணிபுரியும் ஒரு ஊழியர், என்று ஆங்கிலத்தில் தொடங்கி, ஒரு வார்த்தையில் நின்றுவிட்டார். அவள் கையை என்னவென்று எழுதுவது? ஹேண்டிகேப்டு என்று அடித்தார். அப்படி இப்போதெல்லாம் எழுதக்கூடாது என்று எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது, அழித்தார். டிஸேபிள்டு என்று அடித்தார். அவளைப் பார்த்தால் அந்த வார்த்தை ஒட்டவில்லை, அந்த வேகத்தில் வரைகிறவளை எப்படி. அழித்தார். மாற்றுத்திறனாளி என்று தமிழில் அழகாக இருக்கிறது, அதற்கு ஆங்கிலத்தில் என்னவோ இருக்கிறதே, அதையும் அடித்து, அதுவும் ஏதோ விழா மேடைப் பேச்சு போல இருக்க, அழித்தார். திரையில் அந்த இடத்தில் கோடு மட்டும் விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. தப்பான வார்த்தை போட்டால் சென்னையில் என்ன நினைப்பார்கள்? அதற்கு முந்தின மாதம்தான் யாரோ ஒருவனுடைய பென்டிரைவை அனுமதித்து, அதிலிருந்து வைரஸ் ஏறி, இரண்டு நாள் வேலை நின்று, போனில் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருந்தார்கள். உங்களுக்கு விதி என்றால் என்னவென்று தெரியுமா மிஸ்டர் கலிவரதன். அந்தக் குரல் காதுக்குள்ளேயே இருந்தது. நாளைக்கு யாரையாவது கேட்டு நல்ல வார்த்தையாகப் போட்டு அனுப்பலாம் என்று அப்படியே மூடினார், கடிதம் வரைவுப் பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வார்த்தைக்காக. யூஜினுக்கு மணிக்கட்டு வலி என்று எழுதினபோது கை நிற்கவே இல்லையே.

மறுநாள் காலை தண்ணீர் கேன் இருக்கிற இடத்தில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அவள் குரல், "கேட்டீங்களா சார்?" இதைத்தான் அவர் ஆறு வருஷமாகத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறார். அந்த இடத்தில் இன்னும் இல்லம்மா என்று சொல்லியிருக்கலாம், ஒன்றும் குறைந்திருக்காது. மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள், இன்னும் இல்லை என்றால் ஒரு மெயில் போடக்கூட இவருக்கு வக்கில்லையா என்று ஆகிவிடும் என்று தோன்றியதா, அல்லது ஒன்றுமே தோன்றாமல் வாய் தானாகத் திறந்துகொண்டதா. "கேட்டேன். மாட்டேன்னுட்டாங்க" என்றார். பாட்டில் நிரம்பி வழிந்து காலில் கொட்டியது. அவள் திரும்பித் தன் மேஜைக்குப் போய்விட்டாள். மற்றவர்கள்தான் உச்சுக்கொட்டினார்கள், அவனுங்க அப்படித்தான், மனுசங்களா அவனுங்க என்று சென்னையைத் திட்டினார்கள். அவரும் கூடச் சேர்ந்து திட்டினார். அதுதான், அதுதான். பொய்யைக்கூட விடலாம், கூடச் சேர்ந்து திட்டினாரே. அன்றைக்கு மத்தியானமே கடிதத்தை அனுப்பியிருக்கலாம். ஆனால் அனுப்பி, சரி என்று பதில் வந்துவிட்டால்? நேற்று மாட்டேன் என்றவர்கள் இன்றைக்கு எப்படிச் சரி என்றார்கள் என்று கேட்பாள். அனுமதி கிடைத்துவிடுமோ என்று பயந்தவர் உலகத்தில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். ஒரு வாரம் போகட்டும், மறுபடி வற்புறுத்திக் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஒரு வாரம் போனது. அப்புறம் தீபாவளி வந்தது. வீட்டில் தனபாக்கியம்தான் கேட்டாள், ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க என்று. தலைவலி என்றார் மனைவியிடம். அந்த வருஷம் முழுக்க அவருக்குத் தலைவலிதான்.

மூன்று மாதம் அவள் இடது கையால் சாதா மௌஸைப் பிடித்து வரைந்தாள். இடது கை மௌஸுக்குப் போய்விட்டால் கீ-போர்டுக்கு ஆள் இல்லை. மௌஸை விட்டுவிட்டு ஒரு பொத்தானை அழுத்தி, திரும்ப மௌஸுக்குப் போய், வளைகோட்டைப் பாதியில் விட்டு, திரும்பப் பிடித்து. நாற்பது இருபத்தெட்டாயிற்று, இருபத்திரண்டாயிற்று. சாப்பாட்டு நேரத்திலும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருப்பாள். அவர் தினமும் ஏதாவது காரணம் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவள் பின்னால் நின்று பார்ப்பார். எப்படிம்மா இருக்கு. பழகிடும் சார். ஒருநாள் மணிக்கட்டுக்கு அண்டக்கொடுக்கிற மெத்துத் திண்டு ஒன்றைத் தன் காசில் வாங்கிவந்து அவள் மேஜையில் வைத்தார், அதற்கு வயர் கிடையாது, சென்னையிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை. தேங்க்ஸ் சார் என்றாள். அதைப் போட்டுக்கொள்ளவும் செய்தாள், ஒரு பயனும் இருந்திருக்காது, அவர் வாங்கிவந்தாரே என்று போட்டுக்கொண்டாள். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. அப்புறம் மெமோ, இரண்டாவது மெமோ. ஒரு வெள்ளிக்கிழமை அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளாகத்தானே போனாள், யாரும் போகச் சொல்லவில்லையே. இன்னும் நல்ல வேலை கிடைத்திருக்கும். கண் பார்வைக்கும் முதுகுக்கும் இந்த வேலை ஆகாது, எத்தனை பேர் விட்டுவிட்டுப் போகவில்லை. இப்படி நினைக்கிறபோதெல்லாம் மனசு கொஞ்ச தூரம் நல்ல ரோட்டில் ஓடும், பிறகு அதே தண்ணீர் கேன் பக்கம் வந்து நின்றுகொள்ளும். இத்தனை நாளும் ஒரு பிடிமானம் இருந்தது. கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார்கள், ஆகவே நான் சொன்னது பொய்யாக இருந்தாலும் விளைவு நிஜம்தான் என்று. ஆறு வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். அதைத்தான் அந்தப் பெண் ஷாலினி இன்றைக்கு ஒரே வார்த்தையில் பிடுங்கிவிட்டாள், பிடுங்குகிறோம் என்று தெரியாமலேயே.

அறுபத்தெட்டு சதவீதம். கதவைத் தட்டிவிட்டு யூஜின் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் மெயிலின் நகல் போயிருந்தது. "சார், ரொம்ப தேங்க்ஸ் சார். பழைய கம்பெனியில இதுக்கு மூணு மாசம் அலையவிட்டாங்க, கடைசி வரைக்கும் ஒருத்தனும் கேட்டுக் குடுக்கல. நீங்க பத்து நிமிஷத்துல வாங்கிட்டீங்க." பதினொன்று என்று திருத்தினார். அவன் புரியாமல் சிரித்தான். "உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா போதும் சார்" என்றான். லேப்டாப் ரெடியானதும் கூப்பிடறேன் யூஜின், போங்க என்றார். கதவு சாத்திக்கொண்டது. உங்களை மாதிரி ஒருத்தர். அவர் போனை எடுத்தார். அஞ்சலா ஆர்ட்வொர்க் என்று பெயர் இன்னும் இருந்தது, இரண்டு போன் மாற்றியும் அழிக்காமல் கூடவே வந்திருந்தது. எண் மாறியிருக்கும், எடுக்கமாட்டாள், எடுத்தால் என்ன சொல்வது. அப்போது நீ என்றுதான் கூப்பிடுவார், இப்போது நீ என்பதா நீங்கள் என்பதா. மெயிலில் ஒரு வார்த்தைக்கு நின்றது போல இதிலும் நின்றுவிடுவோம் என்று பயம் வந்தது. அந்தப் பயத்திலேயே விரல் அழுத்திவிட்டது.

"யாரு?" பின்னால் ஏதோ பிரிண்டர் காகிதத்தை இழுக்கும் சத்தம்.

"நான் கலிவரதன். லாஸ்பேட்டை ஆபீஸ், சிஸ்டம்ஸ்."

"சொல்லுங்க சார்." ஆச்சரியமே இல்லை அந்தக் குரலில், நேற்றுப் பேசி விட்டவள் மாதிரி.

"நல்லா இருக்கியா... இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். வில்லியனூர்ல தாலுக்கா ஆபீஸ் பக்கத்துல கடை வெச்சிருக்கேன். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, அந்த மாதிரி விண்ணப்பமெல்லாம் போட்டுக் குடுக்கறேன். என்ன விஷயம் சார்?"

என்ன விஷயம். யோசித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை. "அந்த மௌஸுக்கு நான் மெயில் போடல அஞ்சலா. போட்டேன்னு சொன்னது பொய்."

பிரிண்டர் நின்றது. யாரோ ஒருவரிடம், கொஞ்சம் உக்காருங்கண்ணா, என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு, "தெரியும் சார்" என்றாள்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படி?"

"பேப்பர் போட்டதுக்கப்புறம் சென்னையிலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு, ஏன் போறீங்கன்னு காரணம் கேட்டு. நீங்கதான் மௌஸுக்கு மாட்டேன்னுட்டீங்களேன்னேன். அப்படி ஒண்ணும் எங்களுக்கு வரலியேன்னுச்சு. ரெண்டு தடவ தேடிப் பாத்துட்டுச் சொல்லுச்சு."

"அப்பவே என்னை வந்து கேட்டிருக்கலாமேம்மா."

"வந்தேனே சார். கடைசி நாள் உங்க ரூமுக்கு வந்து நின்னேன், ஞாபகம் இல்ல? கால் மணி நேரம் நின்னேன். நீங்களா சொல்லுவீங்கன்னுதான். நீங்க புயல் வரப்போவுது, பஸ்ஸெல்லாம் நிறுத்திடுவாங்க, சீக்கிரம் கெளம்புன்னு பேசிக்கிட்டே இருந்தீங்க."

ஞாபகம் இருந்தது. விடைபெற வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவள் ஏன் போகாமல் நிற்கிறாள் என்றுதான் அந்தக் கால் மணி நேரமும் தவித்தார். காற்றழுத்தத் தாழ்வு நிலை எங்கே இருக்கிறது, கடலூரில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், எல்லாம் சொன்னார். இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார். அவள் அந்தக் கதவுப் பக்கம் நின்றிருந்தாள், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"இப்ப எதுக்கு சார் சொல்றீங்க?"

யூஜினைப் பற்றிச் சொன்னார், படிவத்தைப் பற்றிச் சொன்னார். எவ்வளவு நேரத்தில் பதில் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தார், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"பதினோரு நிமிஷமா" என்றாள் கடைசியில்.

"மன்னிச்சிடும்மா."

"அத வாங்கி நான் எங்க சார் வெக்கிறது?" கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே இடம் தேடுகிறவள் மாதிரிச் சொன்னாள். "வேற ஒண்ணு வேணும் சார், உங்களால முடியுமான்னு பாருங்க. போறப்ப குடுத்தாங்களே சர்ட்டிபிகேட்டு, அதுல பணித்திறன் குறைவு காரணமா விலகினார்னு போட்டுட்டாங்க. அத இந்த ஆறு வருசத்துல ஒருத்தர்கிட்டயும் நான் காட்டல. எட்டு வருசம் வேலை பாத்தது எங்கயும் கணக்குல வரல. இப்ப இங்க ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துல கம்ப்யூட்டர்ல படம் வரைய சொல்லிக்குடுக்க ஆள் எடுக்கறாங்க. புதன்கிழமை கடைசி நாள். அந்த வரிய மாத்திக் குடுத்தா நான் போட்டுப் பாப்பேன்."

மாத்தணும்னா என்ன நடந்ததுன்னு நான் எழுதணும், என்று சொல்ல வாயெடுத்து, அது அவளுக்குத் தெரியாதா என்ன என்று நிறுத்திக்கொண்டார். அவளுக்குத் தெரிந்துதான் கேட்கிறாள். "எழுதறேன். இப்பவே எழுதறேன்" என்றார். பிறகு, வெட்கத்தை விட்டு, "அஞ்சலா, அன்னைக்கு நான் நின்னதே ஒரு வார்த்தையிலதான். உன் கைய என்னன்னு எழுதறதுன்னு தெரியல" என்றார்.

"இதுல என்ன சார் தெரியறதுக்கு இருக்கு? கைன்னு எழுதுங்க. வலது கையில மூணு விரல் நீட்ட வராது, அவ்ளோதானே. சரி சார், ஆளு காத்துக்கிட்டு இருக்காரு." வைத்துவிட்டாள்.

அவர் எழுதினார். இங்கிலீஷில் தப்பு வந்தால் வரட்டும் என்று நிறுத்தாமல் எழுதினார். ஊழியரின் பெயர், பணிபுரிந்த வருஷங்கள், வலது கையில் மூன்று விரல்கள் நீட்ட வராது, அவர் தனக்கென்று வாங்கியிருந்த மௌஸுக்கு அனுமதி கேட்டார், நான் உங்களுக்கு எழுதவில்லை, எழுதியதாகவும் நீங்கள் மறுத்ததாகவும் அவரிடம் பொய் சொன்னேன், அவர் வேலை குறைந்ததற்கு அது ஒன்றே காரணம், அவர் சான்றிதழில் உள்ள வரி தவறு, புதன்கிழமைக்குள் திருத்தித் தரவேண்டும். வேறு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. பென்டிரைவ் விஷயத்தை ஒரு வரி எழுதி, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவது போல இருந்ததால் எடுத்துவிட்டார். ஷாலினிக்கும் மனிதவளப் பிரிவுக்கும் போட்டு அனுப்பினார். மணி பன்னிரண்டு ஐம்பது. கடைசி நாள் அவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப் ஏதோ கேட்டது, அழுத்தினார். நூறு ஆனதும் யூஜினைக் கூப்பிட்டு மௌஸைச் செருகச் சொன்னார், அம்பு ஓடியது. அவன் ஒரு வட்டம் வரைந்து காட்டினான். நல்லா இருக்கு யூஜின் என்றார். எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அவரும் விளக்கை அணைத்துவிட்டுப் படியிறங்கி வண்டியை எடுக்கும்போது போன் அதிர்ந்தது. இந்தத் தடவை ஷாலினி எழுதவில்லை, மனிதவளப் பிரிவின் தலைவரே எழுதியிருந்தார். சான்றிதழ் திருத்தப்பட்டு திங்கட்கிழமை அவருக்கு அனுப்பப்படும். நீங்கள் அதே திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் அடையாள அட்டையுடன் சென்னையில் நேரில் ஆஜராகவும். அடையாள அட்டையுடன் என்பதை அவர் வெயிலில் நின்றபடியே நாலைந்து தடவை படித்தார், வேலையை விட்டு அனுப்புகிறவர்களிடம்தான் அதைத் திரும்ப வாங்குவார்கள். முதல் வரியை மட்டும் நகலெடுத்து அஞ்சலாட்சிக்கு அனுப்பினார். இரண்டு நீலக் குறி விழுந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரண்டரை. தனபாக்கியம் அடுப்பில் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். மேஜையில் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது, உட்காரவில்லை, சமையலறை வாசலிலேயே நின்றார். "திங்கக்கிழமை காலையில மெட்ராஸ் போவணும். அஞ்சு மணி பஸ்ஸுக்கு" என்றார்.

"என்ன திடீர்னு? எதாவது விசேஷமா?"

"இல்ல. ஒரு பொண்ணோட பொழப்ப நான் கெடுத்துட்டேன். ஆறு வருசமாச்சு, உங்கிட்டகூட சொல்லல."

அவள் கரண்டியோடு திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். குழம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.